நீக்க வேண்டிய வரிகள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். இரத்தத்தையோ சிறுநீரையோ தொடாத வேலை. கணினி படித்துவிட்டு வந்தவள் என்பதால், கட்டடத்தின் மாடியில் இருந்த சர்வர் என் பொறுப்பு. கீழே பரிசோதித்து எழுதும் முடிவுகள் எல்லாம் அந்தச் சர்வரின் தரவுத்தளத்தில் வந்து சேரும். தீவிலும் பெருநிலத்திலும் இருந்த எங்கள் சிறு கிளைகள், மோடம் வழியாகத் தொலைபேசியில் அதனுடன் இணைந்து, தங்களிடம் வந்தவர்களின் முடிவுகளை எடுத்து அச்சிட்டுக் கொடுக்கும்.

எனக்குப் பட்டியல் போடாமல் ஒரு வேலையும் ஓடாது. சனிக்கிழமை பாசாருக்குப் போவதற்கும் பட்டியல். தோழியின் கல்யாணத்துக்கு எந்தச் சேலை, எந்த வளையல் என்பதற்கும் பட்டியல். அம்மா கேலி செய்வார். "இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கறதுக்கு முந்தி, இவ போடற பட்டியலைப் படிக்க அவனுக்குத் தெம்பு இருக்கான்னு பார்க்கணும்" என்பார். கேலி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஆண்டு எனக்கு வந்த பெரிய வேலையே ஒரு பட்டியலைத் திருத்துவதுதான்.

புக்கிட் தெங்காவில் ஒரு பெரிய தொழிற்சாலை, தன் தொழிலாளர்களின் வருடாந்திர மருத்துவப் பரிசோதனையை எங்களிடம் கொடுக்க முன்வந்தது. அவர்களுடைய வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் ஒரே ஒரு நிபந்தனை போட்டது. எங்கள் சர்வர் பலவீனமான குறியாக்க முறைகளை ஏற்கக்கூடாது. மாதக் கடைசிக்குள் அவற்றை நீக்கிவிட வேண்டும்.

அது என்ன என்று மேனேஜரிடம் விளக்கியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கிளையிலிருக்கும் கணினி சர்வரைக் கூப்பிட்டதும், இரண்டும் முதலில் ஒரு விஷயத்தில் ஒத்துப்போக வேண்டும்: இனிப் பேசப்போவதை எந்த முறையில் மறைப்பது? அந்த முறைக்குத்தான் சைஃபர் என்று பெயர். கிளைக் கணினி தனக்குத் தெரிந்த சைஃபர்களின் பட்டியலை நீட்டும். சர்வரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டிலும் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு பேச ஆரம்பிக்கும். எங்கள் சர்வரின் பட்டியலில் நல்லதும் இருந்தது, நோஞ்சானும் இருந்தது. அந்த நாட்களில் அமெரிக்காவிலிருந்து வெளிநாடுகளுக்கு விற்கப்பட்ட மென்பொருளில், அந்நாட்டுச் சட்டப்படி, வேண்டுமென்றே சின்னச் சாவிதான் வைத்திருந்தார்கள், நாற்பது பிட் நீளம். கொஞ்சம் கணினிகளும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதை உடைத்துவிடலாம் என்று நானே படித்திருந்தேன்.

நல்ல சைஃபரைச் சேர்த்தால் போதும், பழையது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேனேஜரும் அதைத்தான் கேட்டார். போதாது. நோஞ்சானை மட்டுமே தெரிந்த ஒரு கணினி வந்தால் சர்வர் மறுபேச்சில்லாமல் அதற்கு இறங்கிப் போகும். நடுவில் நின்று குழப்புகிறவன், இரண்டு பக்கத்தையும் நோஞ்சானுக்குத் தள்ளிவிடவும் வழி உண்டு. ஆகவே வரிகளை அழித்தே ஆக வேண்டும்.

அழிப்பது ஐந்து நிமிட வேலை. அழித்தால் யார் வெளியே நிற்பார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. ஒரு வாரம் சர்வருக்கு வந்த இணைப்புகளையெல்லாம் பதியவிட்டு, எந்தக் கிளை எந்த சைஃபரில் பேசுகிறது என்று எழுதினேன். ஜார்ஜ்டவுன் கிளைகள், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் எல்லாம் புதிய கணினிகள்; நிரலை மாற்றிக் கொடுத்தால் போதும். பாகான் டாலாம் மட்டும் பழைய இயந்திரம். அதிலிருந்த நிரலுக்கு நாற்பது பிட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. புதிய நிரலோ அந்தப் பழைய விண்டோஸில் ஓடாது.

மேனேஜர் சீனப் பெண்மணி, நியாயமானவர், கணக்கில் கறார். பாகான் டாலாமுக்குப் புதுக் கணினி வாங்க முடியாது என்றார். மாதக் கடைசிக்குள் அந்தக் கிளை புதிய முறைக்கு வராவிட்டால் அதை மூடி, புக்கிட் மெர்தாஜாமோடு சேர்த்துவிடலாம், பாகான் டாலாமில் இருக்கும் பெண்ணுக்கும் அங்கேயே வேலை கொடுக்கலாம் என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனக்கும் அப்போது தொலைபேசிக் குரலாகத்தான் தெரியும். நேரில் பார்த்துவிடலாம் என்று மறுநாள் பெருநிலத்துக்கு ஃபெரி ஏறினேன். பட்டர்வொர்த் பக்கம் போகும்போது காசு கிடையாது, திரும்பி வரும்போதுதான் வாங்குவார்கள். மேல்தட்டில் காற்று நன்றாக வரும் மூலை ஒன்று எனக்கு உண்டு. அலுவலக நேரத்தில் சம்பளத்தோடு கடல் பார்ப்பது என் பட்டியல் எதிலும் இல்லாத சந்தோஷம்.

கிளை என்றால் ஒரு கடை அகலம். ஒரு பெஞ்சு, ஒரு மேசை, திரைக்குப் பின்னால் இரத்தம் எடுக்கும் நாற்காலி. இரத்தம் எடுப்பதும், குழாயில் லேபல் ஒட்டுவதும், முடிவைக் கொடுப்பதும் ஒரே ஆள்தான். நாற்பதை நெருங்கிய ஓர் அக்கா. நான் விஷயத்தைச் சொன்னதும் அவர் கையிலிருந்த பஞ்சை மேசையில் வைத்தார்.

"புக்கிட் மெர்தாஜாமா? அங்க யாரு இன்சார்ஜ் தெரியுமா?"

"தெரியும்க்கா. ஒரு அக்கா இருக்காங்க."

"அந்த அக்கா என் வீட்டுக்காரரோட தங்கச்சி! எங்க வீட்டுக்கு வந்தா டீயில சீனி பத்தலன்னு சொல்லிட்டு ரெண்டு கிளாஸ் குடிக்கிறவ. அவகிட்ட போய் நான் லீவு கேக்கணுமா? வேலையை விட்டுட்டு வீட்டுல உக்காந்தாலும் உக்காருவேனே தவிர அங்க போகமாட்டேன்."

பெஞ்சில் இருந்த வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், சர்க்கரை பார்க்க வந்தவர், சிரித்தார். "போய்த்தான் பாரேன்லா. நாத்தனார் கைல மெமோ வாங்கறது எல்லாருக்கும் கிடைக்குமா?"

"அண்ணே, உங்களுக்கு இன்னிக்கு பெரிய ஊசிதான்."

சிரித்தாலும் அக்காவின் முகம் தெளியவில்லை. அவர் வேலையை விட்டால் வீட்டில் என்ன ஆகும் என்று அவரே போகிற போக்கில் சொன்னார்: கணவர் துறைமுகத்தில் காயம்பட்டு அரைச் சம்பளத்தில் இருந்தார், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீடு பின்தெருவில். அந்த ஒரு கடை அகலத்தில்தான் குடும்பம் நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன் தங்கச்சி, அந்த லிஸ்ட்டுல எனக்குன்னு ஒரே ஒரு வரிய விட்டுட முடியாதா? யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்களுக்குன்னு விட முடியாதுக்கா. விட்டா எல்லாருக்கும் விட்ட மாதிரிதான். வர்றது நீங்களா வேற ஆளான்னு அந்த வரிக்குத் தெரியாது."

"என்னா பெரிய ரகசியம்? அண்ணனுக்கு சுகர் பதினாலு, ஏழத் தாண்டக்கூடாது. ஊருக்கே தெரியும்."

"சரி. முடிவைக் குடுக்கும்போது பேப்பரை ஏன்க்கா மடிச்சுக் குடுக்கறீங்க?"

"பின்ன? விரிச்சுக் குடுத்தா பக்கத்துல இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான்ல. போன மாசம் ஒரு பொம்பளப் பிள்ளை, ஃபாக்டரில வேலை..." பாதியில் நிறுத்திக்கொண்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பிறகு, "சரிலா, புரியுது" என்றார். "அப்போ வேற ஏதாச்சும் பண்ணு. நீதானே படிச்சிருக்க."

வேறு ஏதாவது என்பது இருந்தது. ஆஸ்திரேலியாவில் எழுதப்பட்டு இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு குறியாக்க நிரல் தொகுப்பு. அமெரிக்கச் சட்டம் அதைத் தொடாது. முழு நீளச் சாவி. அதன் மூலநிரலை எடுத்து அந்தப் பழைய விண்டோஸுக்கு ஏற்றபடி நானே கட்டினேன். அலுவலகத்தில் மற்ற வேலை முடிந்த நேரங்களில் செய்தது. பிழை மேல் பிழை வரும், ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று. எனக்கு அது அலுக்கவில்லை. திருத்தியதைக் கோடு போட்டு அடித்துக்கொண்டே போவதில் ஒரு சுகம். கடைசியில் அது ஓடியது. ஃபிளாப்பி வட்டில் எடுத்துக்கொண்டு மறுபடியும் ஃபெரி.

மதியம் பாகான் டாலாமில் நிரலைப் போட்டேன். முதல் தடவை இணைப்பு கிடைக்கவில்லை. காரணம் உடனே தெரிந்தது: கணினியின் தேதி மூன்று வருடம் பின்னால் இருந்தது. புதிய நிரல், தான் பேசுவது உண்மையில் எங்கள் சர்வரோடுதானா என்று பார்க்கும். அதற்காகச் சர்வர் ஒரு சான்றிதழைக் காட்டும். அதில் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று இருக்கும். பழைய நிரல் இதையெல்லாம் கேட்டதே இல்லை. நான் தேதியைச் சரிசெய்தேன். இணைப்பு வந்தது. நூற்றிருபத்தெட்டு பிட். அக்கா கைதட்டினார், எனக்கு நெஸ்காப்பி வாங்கிக் கொடுத்தார். அன்று மாலை ஃபெரியில் திரும்பும்போது பட்டியலில் பாகான் டாலாமைக் கோடு போட்டு அடித்தேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்குத் தொலைபேசி.

"தங்கச்சி, உன் புதுப் பூட்டு என்னையே உள்ள விடலலா."

"திரையில என்ன எழுதியிருக்குன்னு படிங்கக்கா."

எழுத்தெழுத்தாகப் படித்தார். சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று அர்த்தம். தேதி திரும்பவும் பின்னால் போயிருக்கிறது. பழைய இயந்திரம், உள்ளே இருக்கும் சின்ன மின்கலம் செத்திருக்கும், இரவில் அணைத்ததும் தேதியை மறந்துவிடுகிறது என்று முடிவு செய்தேன். அன்றைக்குப் பழைய நிரலையே ஓட்டச் சொன்னேன். சர்வரில் பழைய வரிகள் இன்னும் இருந்தனவே. பினாங்கு ரோட்டில் ஒரு கடிகாரக் கடையில் மின்கலம் வாங்கினேன், மதியம் போய் மாற்றினேன், தேதி வைத்தேன், இணைப்பு வந்தது, திரும்பினேன்.

மறுநாள் காலை மறுபடியும் தொலைபேசி. அதே சொற்கள். இந்த முறை அக்காவின் குரலில் விளையாட்டு இல்லை. "முடியலன்னா சொல்லிடு தங்கச்சி. இங்க இப்பவே அவ போன் பண்ணிட்டா. 'அண்ணி, உங்களுக்கு ஜன்னல் பக்கத்து மேசை போடவா, கதவுப் பக்கத்து மேசை போடவா'ன்னு கேக்கறா."

நான் மதர்போர்டைச் சந்தேகித்தேன். அன்றும் மதியம் போய்த் தேதியைத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர் நாட்காட்டியைப் பார்த்தார். மாதத்தில் மிச்சம் இருந்தது ஒரு வாரத்துக்குச் சற்று அதிகம். போனால் போகிறது, காலையில் கடை திறக்கும்போதே போய், இயந்திரம் விழிக்கும்போது அதற்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடுவோம் என்று மறுநாள் முதல் ஃபெரியில் கிளம்பினேன்.

அக்கா ஷட்டரைத் தூக்கினார். பெஞ்சைத் துடைத்தார். சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்தினார். கணினியைப் போட்டார். நான் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். தேதி சரியாகவே இருந்தது. மின்கலத்திலும் குறையில்லை, மதர்போர்டிலும் குறையில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குள் அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, விசைப்பலகையைப் பார்க்காமலே ஏதோ தட்டினார். தேதி மூன்று வருடம் பின்னால் போனது.

"அக்கா! என்னா பண்றீங்க?"

"என்னா பண்றேன்? லேபல் தொறக்கிறேன்."

"தேதியை மாத்தினீங்களே!"

"மாத்தலன்னா லேபல் தொறக்காது."

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. இரத்தக் குழாய்களில் ஒட்டும் லேபலை அச்சிட, இந்தக் கணினியை விற்ற ஆள் ஒரு நிரலைப் போட்டுக் கொடுத்திருந்தார். அது விலைக்கு வாங்கியதல்ல; சில நாள் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லும் வகை. நாள் முடிந்ததும் நின்றுவிட்டது. அக்கா கூப்பிட்டுக் கேட்டபோது, தேதியைப் பழையபடி வைத்தால் ஓடும் என்று ஒரு தேதியைச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் கடையே இல்லை. அன்றிலிருந்து தினமும் காலையில் அக்கா அதே தேதியைத் தட்டுகிறார். லேபலில் பெயரும் எண்ணும் மட்டும்தான், தேதியைப் பேனாவால் எழுதுவார். முடிவுகளின் தேதி சர்வரிலிருந்து வரும். அதனால் யார் கண்ணிலும் படவில்லை. மூன்று வருடமாக அந்தக் கணினிக்கு ஒரே நாள்தான் திரும்பத் திரும்ப விடிந்துகொண்டிருந்தது.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"நீ எங்க கேட்ட? நீ வந்தே, மூடியத் தொறந்தே, பேட்டரி மாத்தினே. நான் லைன் ரிப்பேர்னு நினைச்சேன். இது கடை தொறக்கிற வேலைலா. ஊதுவத்தி கொளுத்தறதையும் உன்கிட்ட சொல்வேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சான்றிதழ் விஷயத்தை விளக்கினேன். அக்கா கவனமாகக் கேட்டார்.

"அப்போ நான் நிக்கிற நாள்ல, அந்தச் சான்றிதழ் இன்னும் பொறக்கவே இல்ல."

"ஆமாக்கா."

"பொறக்காத பிள்ளைக்கு எப்படி கதவு தொறக்கும்! அத முதல்லயே சொல்லக்கூடாதா?"

இப்போது செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. அந்த லேபல் நிரலை விட்டுவிட வேண்டும். பெயரும் எண்ணும் கேட்டு, சிறு தாளில் அச்சிடும் நிரல் எழுதுவது பெரிய வித்தையல்ல. அந்த வார இறுதியில் வீட்டில் எழுதினேன். அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேதியையும் அதுவே அச்சிடும்படி செய்தேன், பேனா வேலை மிச்சம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். அக்கா லேபலைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் படிப்பதைப் பார்த்திருந்தேன்.

திங்கட்கிழமை அதைப் போட்டு, பழைய நிரலை அக்காவின் கண் முன்னாலேயே அழித்தேன். அவர் சற்றுத் தயங்கினார். முதல் லேபல் வந்தது. அச்சிட்ட தேதியைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஒரே காலையில எனக்கு மூணு வயசு கூடிப்போச்சே!"

"உனக்கு மட்டுமா? நானும் இந்தப் பெஞ்சுலதானே உக்காந்திருந்தேன்" என்றார் வாடகைக் கார் அண்ணன். அன்றும் சர்க்கரைக்குத்தான் வந்திருந்தார்.

இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யாமல் சர்வரில் வரும் இணைப்புகளை மட்டும் பார்த்தேன். பாகான் டாலாம், நூற்றிருபத்தெட்டு. மறுநாள் காலையும் நூற்றிருபத்தெட்டு. காலை இணைப்புதான் எனக்கு முக்கியம். நான் போய்ச் சரிசெய்த மதியங்களில் எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது.

சனிக்கிழமை மதியம், கிளைகள் மூடியதும், சர்வரின் பட்டியலைத் திறந்தேன். நாற்பது பிட் வரிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். குறியாக்கமே இல்லாமல் பேச அனுமதிக்கும் ஒரு வரியும் அடியில் இருந்தது. யாரோ சோதனைக்குச் சேர்த்துவிட்டு மறந்தது. அதையும் அழித்தேன். மிஞ்சியவை இரண்டு. அவற்றில் ஒன்றை அன்றைக்கு எல்லாரும் வலுவானது என்றே நம்பினோம். பல வருடங்களுக்குப் பிறகு அதுவும் நீக்க வேண்டியவற்றில் சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இந்தத் தொழிலில் பட்டியல் முடிந்துவிட்டது என்று பேனாவை மூட முடியாது. எனக்கு அதுவே பிடித்தும் இருக்கிறது. பிறகு, எடுத்து வைத்திருந்த பழைய நிரலால் நானே சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மறுத்துவிட்டது. இன்னொரு முறை கூப்பிட்டேன். மறுத்துவிட்டது. மனநிறைவோடு விளக்கை அணைத்துவிட்டு, போகிற வழியில் தின்பதற்குப் பாசெம்பூர் தாப்பாவ் செய்து, பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜரும் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். புக்கிட் மெர்தாஜாம் வந்தது. பட்டர்வொர்த் வந்தது. தீவுக் கிளைகள் வந்தன. பாகான் டாலாம் வரவில்லை. ஒன்பதரை ஆனது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அக்காவைக் கூப்பிட எண்ணைச் சுழற்றினேன். யாரும் எடுக்கவில்லை.

பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த வரி திரையில் ஏறியது. பாகான் டாலாம். நூற்றிருபத்தெட்டு.

மேனேஜர் அதைக் குனிந்து படித்தார். அந்தக் கிளை அங்கேயே இருக்கட்டும், புக்கிட் மெர்தாஜாமுக்கு நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

அங்கே தொலைபேசிக்கும் மோடத்துக்கும் ஒரே லைன்; இணைப்பு விட்டதும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"ஏன்க்கா இவ்வளவு லேட்டு?"

"சின்னவனுக்கு ஸ்கூல் பஸ் வரல. கொண்டு போய் விட்டுட்டு வந்தேன். ஏன், என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பழைய வரியெல்லாம் எடுத்தாச்சு. நீங்க உள்ள வந்துட்டீங்க. கிளை அங்கதான் இருக்கும்னு மேனேஜர் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு பெஞ்சைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே! ஜன்னல் பக்கத்து மேசைய அவளையே வச்சுக்கச் சொல்லுங்க!" பெஞ்சு முழுக்கச் சிரித்தது இங்கே கேட்டது.

"சரி தங்கச்சி, போனை வை" என்றார் திரும்பி வந்து. "ஆறு பேர் காத்திருக்காங்க. ரிசல்ட் எடுக்கணும், எனக்கு லைன் வேணும்."